உள்ளே ஆள் உண்டு

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு நூலகத்தின் கீழ்த்தளத்துக்கு நான் இறங்கிப் போனபோது என் கையில் ஒரு பிளாஸ்க் காபியும், ஒரு ஸ்வெட்டரும், ஒன்பது பேருடைய பாஸ்வேர்டு எழுதிய காகிதமும் இருந்தன.

காகிதத்தைக் கொடுத்தவர் பெரிய சார். தலைமை நூலகரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். "இந்த வாரம் இஷ்யூ கவுண்டரை வேற யாராவது பாத்துக்கட்டும். நீங்க கீழ உக்காந்து எல்லாருக்கும் பயிற்சியை முடிச்சு விட்டுடுங்க மேடம். போன வருஷம் வரைக்கும் அந்தம்மா பண்ணிட்டிருந்தாங்க." அந்தம்மா என்று சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நூலகப் பணியாளர்கள் வருடாவருடம் முடிக்க வேண்டிய ஆன்லைன் பயிற்சி அது. பத்துப் பாடங்கள், ஒவ்வொன்றும் இருபது நிமிடம். ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போகவும் முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரையில் ஒரு பெட்டி எழும்பும். 'நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா?' முப்பது விநாடிக்குள் 'இருக்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தாவிட்டால் பாடம் முதலிலிருந்து தொடங்கும். இப்படி ஒரு தொல்லையை யார் தலையில் கட்டலாம் என்று பார்த்து, நாங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்லாக் அக்கா தலையில் கட்டினோம். புத்தகங்களுக்கு எண் போடுகிறவள், வாய் திறந்து முடியாது என்று சொல்லத் தெரியாதவள். எங்கள் பெயரில் பாடம் கேட்டாள், எங்கள் பெயரில் தேர்வு எழுதினாள். பெரிய சார் அறையில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறதே, 'பாதுகாப்புப் பயிற்சி, நூற்றுக்கு நூறு' என்ற சர்டிபிகேட், அது அவள் வாங்கிய மதிப்பெண்.

தன் பாடங்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள். ஆறாவதோடு நின்றுவிட்டது.

கீழ்த்தளத்தில்தான் நகரும் அலமாரிகள் இருக்கின்றன. கூரை உயர இரும்பு அலமாரிகள், தண்டவாளத்தின் மேல் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். பக்கவாட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் ஒரு சந்து திறக்கும், இன்னொரு சந்து மூடும். ஏழாவது பாடம் முழுக்க அதைப் பற்றித்தான். சுற்றுவதற்கு முன் சந்துக்குள் எட்டிப் பார். மூன்று முறை குரல் கொடு. அட்டை தொங்கினால் சக்கரத்தைத் தொடாதே.

பெரிய சார் அந்தப் பாடத்தைப் பார்த்ததே இல்லை. அவருக்காகவும் அக்காதானே பார்த்தாள்.

போன வருடம் அவர் அவசரமாக ஒரு புத்தகம் எடுக்கக் கீழே வந்தார். அக்கா சந்துக்குள் தரையில் உட்கார்ந்து எண் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரத்தில் அவள் தன் கையால் எழுதிய சிவப்பு அட்டை தொங்கியது: 'உள்ளே ஆள் உண்டு'. கைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று அதைக் கழற்றிவிட்டுச் சுற்றினார்.

சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவள் நான். அட்டை அவர் கையில் இருந்தது. "சக்கரம் இறுகிச்சு. புத்தகம் ஏதோ சிக்கியிருக்குன்னு நெனச்சு, இன்னும் ரெண்டு சுத்து சுத்தினேன் மேடம்" என்றார். பிறகு அட்டையை மேசை இழுப்பறைக்குள் போட்டார். "நீங்க எதையும் பாக்கல. சரியா?"

பதினோரு வருடமாகத் தற்காலிகப் பணியில் இருந்தேன். தலையை ஆட்டினேன். அறிக்கையில் சாட்சிக் கையெழுத்தும் போட்டேன். 'பயிற்சியை முடிக்காத ஊழியர், அட்டை தொங்கவிடாமல் உள்ளே சென்றார்.' அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமானது.

அதே மேசையில்தான் இப்போது உட்கார்ந்தேன்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை, பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தபோது பெட்டி எழும்பியது. மூடியைக் கீழே வைத்துவிட்டு மவுஸை நோக்கிக் கையை நீட்டினேன்.

பொத்தான் தானாக அழுந்தியது.

இருக்கிறேன்.

மவுஸில் கோளாறு என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். புதனன்று மவுஸைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அப்போதும் அழுந்தியது. வியாழனன்று வாசனை வந்தது. புத்தக முதுகில் ஒட்டும் பசையும், இருமல் மிட்டாயும் கலந்த வாசனை. அக்கா வாயில் எப்போதும் ஒரு இருமல் மிட்டாய் இருக்கும். எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் ஓடிப்போய் யாரிடம் என்னவென்று சொல்வது?

வெள்ளிக்கிழமைக்குள் எல்லோருக்கும் முடிந்துவிட்டது. பெரிய சாருக்கும் எனக்கும் மட்டும் ஏழாவது பாடம் திறக்கவே இல்லை. அவர் கணக்கில் ஒரு அறிவிப்பு வந்தது: 'உரியவர் நேரில் அமர வேண்டும். அலமாரிச் சந்துக்குள் நின்று விதிகளைச் சொல்லும் ஒரு நிமிட வீடியோவை இணைக்க வேண்டும்.' மாலை ஐந்து மணி கடைசி. இயக்குநர் பதவிக்கு அவர் பெயர் போயிருந்தது, இந்த சர்டிபிகேட் இல்லாவிட்டால் கோப்பு திரும்பிவிடும்.

மூன்று மணிக்குப் புலம்பிக்கொண்டே இறங்கி வந்தார். ஒரு வருடமாக அவர் அந்தப் படியில் கால் வைத்ததில்லை. உட்கார்ந்து ஏழாவது பாடத்தை முதல் தடவையாகப் பார்த்தார். எட்டிப் பார். குரல் கொடு. அட்டையைத் தொடாதே.

"இவ்வளவு விஷயம் இருக்கா இதுல?" என்றார்.

பக்கத்தில் நின்ற எனக்கு அவர் கன்னத்தில் ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது. அறையவில்லை. அவர் போனை வாங்கிக்கொண்டு வீடியோ எடுக்கத் தயாரானேன். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி சந்துக்குள் போய் நின்றார். அதே சந்து. நான் அதன் வாயில், சக்கரத்துக்குப் பக்கத்தில்.

"ஒன்றாவது விதி" என்று ஆரம்பித்தார்.

சக்கரம் கிறீச்சிட்டது.

யாரும் தொடவில்லை. அரைச் சுற்று சுற்றி நின்றது. அலமாரி ஒரு சாண் நகர்ந்திருந்தது.

"மேடம், விளையாடாதீங்க."

"நான் தொடல சார்."

இருமல் மிட்டாய் வாசனை என் தோளை ஒட்டி வந்தது. யாரோ என்னைத் தாண்டிச் சந்துக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் என் கன்னத்து முடி அசைந்தது. பிறகு குரல் வந்தது. மெதுவாக, தொண்டை கட்டிய குரல்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

பெரிய சார் பின்னால் நகர்ந்து அலமாரியில் முதுகை ஒட்டிக்கொண்டார்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

விதிப்படி கேட்கிறாள். செத்த பிறகும் விதிப்படி.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேன்! இருக்கேம்மா! விட்டுடு!" என்று அலறினார். "போர்டு தொங்கிச்சு! நான்தான் கழட்டினேன். உன் மேல தப்பே இல்ல. எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். இவங்களும் பாத்தாங்க, மேடமும் பாத்தாங்க, கேட்டுப் பாரு!"

சக்கரம் அசையாமல் நின்றது. விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார், வெளியே வர ஒரு அடி எடுத்து வைத்தார்.

சக்கரம் சுற்றியது. இந்த முறை நிற்காமல்.

ஒரு கையால் பிடித்தேன். இரும்பு பனிக்கட்டியாக இருந்தது. என் விரல்களுக்குப் பக்கத்தில் வேறு விரல்கள் அழுத்தின. போனைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்திருக்கலாம். போடவில்லை.

சக்கரம் இறுகியது.

பிறகு இன்னும் இரண்டு சுற்று.

தரை சரிவு, தண்டவாளத்தில் தேய்மானம் என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அவர் வாக்குமூலம் இருந்த வீடியோவை நான் விசாரணையில் கொடுத்தேன். அக்கா மேல் போட்ட பழி நீங்கியது. நூலகத்தில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் அவள் பெயரைச் சொல்லி எல்லோரும் எழுந்து நின்றார்கள். பயிற்சி நடத்தும் அலுவலகத்துக்கும் போன் செய்து விசாரித்தேன். "எங்க ஏழாவது பாடத்துல வீடியோ எடுக்கச் சொல்லி எதுவும் இல்லையே மேடம்" என்றாள் அங்கிருந்த பெண்.

அந்த வாரம் என் படுக்கையறைக் கதவின் வெளிப்பக்கக் கைப்பிடியில் சிவப்பு அட்டை தொங்கியது. அக்காவின் கையெழுத்து. கிழித்துக் குப்பையில் போட்டேன். மறுநாள் காலை மறுபடியும் தொங்கியது. ஒரு மாதம் போனதும் பழகிவிட்டது. சொல்லப்போனால் தைரியமாகக்கூட இருந்தது. நான் உள்ளே இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிகிறது, அதனால்தான் மாட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

நேற்று மாலை அக்காவின் மகள் வந்தாள். சின்ன வயதிலிருந்து என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க அந்த வீடியோவைக் கொடுக்கலேன்னா அம்மா காலத்துக்கும் பொறுப்பில்லாதவளாவே இருந்திருப்பாங்க சித்தி. ஆனா கடைசியில சட்டுன்னு நின்னுடுதே. அவர் இன்னும் என்னமோ சொல்ல வர்ற மாதிரி இருக்கு."

நின்றுவிடவில்லை. நான் வெட்டினேன். 'இவங்களும்' என்பதற்கு முன்னால் வெட்டினேன்.

"எனக்கும் தெரியலம்மா" என்றேன்.

"அன்னிக்கு முதல்ல ஓடிப் போனது நீங்கதானே. அந்தப் போர்டை நீங்க பாக்கவே இல்லையா?"

அவள் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். "இல்லம்மா. பாத்திருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?"

இன்று காலை எழுந்ததும் வழக்கம்போல் கதவைத் திறந்து கைப்பிடியைப் பார்த்தேன்.

அட்டையைக் காணவில்லை.

யாரோ கழற்றிவிட்டிருக்கிறார்கள். அறை முழுக்க இருமல் மிட்டாய் வாசனை. என் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நேற்றுவரை தாராளமாக நடக்க இடம் இருந்தது. இப்போது பக்கவாட்டில்தான் நுழைய முடிகிறது.