ஒட்டு மாறின பேரு

என்ன தங்கங்களா, எல்லாரும் சௌக்கியமா? சளி, இருமல்னு யாரும் படுத்துக்கலையே? அப்ப சரி, பக்கத்துல ஆளு இருக்குற எடமாப் பாத்து உக்காந்து படிங்க.

வீட்ல இருந்தே கம்ப்யூட்டர் வேலை பாக்குறவ ஒருத்தி. அன்னிக்கு சாயங்காலம் கரண்ட் போயிட்டு வந்ததும் அவளோட பிராஞ்ச் ரெண்டக் காணோம். பிராஞ்ச்னா பெருசா ஒண்ணுமில்ல, கடைசியா சேமிச்ச வேலை மேல ஒட்டுற பேருதான். வேலை உள்ள பத்திரமா இருக்கு, பேரு மட்டும் உதிந்துபோச்சு. வெளையாட்டா வீட்டு ஆளுங்களத்தான் பேரா வச்சிருந்தா. ஹால்ல படம் வரையுற மக 'குட்டி'. ஆஸ்பத்திரில நைட் டூட்டி பாத்துட்டு உள்ரூம்ல தூங்குற நாத்தனார் 'நர்சம்மா'.

வெளிய மேகம் கட்டி, ஜன்னல் வெளிச்சம் அழுக்குத் தண்ணி மாதிரி தரையில கெடந்துச்சு. சூடான வயரு வாசனை மூக்க விட்டுப் போகல. நாத்தனார் குறட்டை ரம்பமா இழுத்து இழுத்துக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. சேமிச்ச வேலை ஒவ்வொண்ணுக்கும் நீளமா ஒரு நம்பர் உண்டு. நர்சம்மாவோட நம்பரத் தேடிப் புடிச்சு, அது மேல 'நர்சம்மா'ங்கற பேர ஒட்டினா. அவசரத்துல 'குட்டி'யையும் அதே நம்பர்லயே ஒட்டிட்டா.

குறட்டை நின்னுச்சு.

"அண்ணி, ஃபேனக் கொஞ்சம் கூட்டுங்களேன்."

நாத்தனாரோட கரகரத்த குரல்தான். ஆனா வந்தது ஹால்ல இருந்து.

"ஏய் வாலு, அத்தைய மாதிரி பேசிக் காட்டுறியா?"

"காலு ரெண்டும் கடுக்குது அண்ணி."

மக திரும்பல. எட்டு வயசுப் புள்ள, பெரிய மனுஷியாட்டம் முட்டிய அமுக்கி விட்டுக்கிட்டு இருந்துச்சு. உள்ரூம்லயும் அதே குரல். அதே நேரத்துல. அதே பேச்சு.

ஸ்கிரீனப் பாத்தா. ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர். குட்டியோட நெசமான நம்பரத் தேடினா. கெடச்சுது. ஒட்டினா.

ஆனா பதட்டத்துல ஒட்டினது 'குட்டி'ங்கற பேர இல்ல. 'நர்சம்மா'வ.

கரண்ட் போச்சு. ஸ்கிரீன் கருப்பு.

உள்ரூம் கதவு தெறந்துச்சு. நாத்தனார். நெட்டையான பொம்பள. வாயில கட்டைவெரலு. ஓடி வந்து, குனிஞ்சு, இவ இடுப்பக் கட்டிக்கிட்டா.

ஹால்ல குட்டி எந்திரிச்சுச்சு. அத்தையோட பெரிய செருப்புக்குள்ள சின்னக் காலு.

"டூட்டிக்கு நேரமாச்சு அண்ணி. வரேன்."

எக்கித் தாழ்ப்பாளத் தெறந்துச்சு. இவ ஓடப் பாத்தா. இடுப்புப் பிடி விடல.

"அம்மா," நாத்தனார் தேம்பினா. "அத்தை என்னை எடுத்துட்டுப் போறாங்க."

உங்க வீட்லயும் யாராச்சும் முறை மாத்திக் கூப்பிட்டிருந்தா எழுதுங்க. மறைக்காம எழுதுங்க.