ஐந்து மணிக்கு ஒரு சத்தம்

சனிக்கிழமை, மாலை 4.58.

கைபேசியின் குரல் அரட்டைக் குழுவில் பதினோரு பேர் மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள். மலையாள மலையூரான பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான நாலாம் லயத்தில் இருந்தபடி மோனிஷா தமிழில் இரண்டு வரிதான் பாடியிருப்பாள்.

"நிறுத்துடி, பாண்டிச்சி."

அந்தப் பக்கம் தமிழ்ப் பெண்களை இழித்துச் சொல்லும் வார்த்தை அது. பேசியவன் பெயர் 'மலைமகன்'. அன்றுதான் குழுவில் சேர்ந்தவன். ஏதோ செயலியால் குரலைக் கட்டையாக்கியிருந்தான். கொழுந்து பறிக்க வந்த நாய்கள் என்று தமிழர்களை மொத்தமாகத் திட்டினான். அப்புறம் நிதானமாகச் சொன்னான்:

"நாலாம் லயம், கடைசி வீடு. பின்கதவுக்குத் தாழ்ப்பா இல்ல. திங்கக்கிழமைக்குள்ள தேனிக்கு ஓடிரு. இல்லேன்னா நான் வருவேன்."

அவன் குரலுக்குப் பின்னால் டண், டண், டண் என்று மூன்று சத்தம் கேட்டது. மற்றவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. மோனிஷா பின்கதவைத் திரும்பிப் பார்த்தாள். அதற்கு உண்மையிலேயே தாழ்ப்பாள் இல்லை.

ஞாயிறு, காலை 9.10.

மோனிஷாவின் புகார் வந்ததும், லயத்திலேயே பிறந்து வளர்ந்த போலீஸ்காரி ராமலட்சுமி அந்த மூன்று சத்தத்தைப் பற்றி விசாரிக்க முதலில் எஸ்டேட்டின் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனாள். வாட்ச்மேன் சொன்னது இவ்வளவுதான். சனிக்கிழமை மதியம் சைரன் மோட்டார் புகைந்து போய்விட்டது. ஐந்து மணிக்கு, வேலை விடும் நேரத்தில், தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு மூன்று அடி அடித்தார். சத்தம் தொழிற்சாலை வளைவைத் தாண்டிக் கேட்காது, லயம் வரை வராது.

மிரட்டல் பதிவில் இருந்ததும் அதே மூன்று அடிதான். மிரட்டியவன் வெளியூரான் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

காலை 10.40.

மோனிஷாவின் அப்பா பெரியமுத்து பாத்திரங்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். "உசுரு இருந்தாப் போதும் தாயி. சொந்த ஊரு தேனிக்கே போயிருவோம்."

"நாளைக்கு சூப்பர்வைசரா சேரணுமே, ப்பா?"

அவர் இன்னொரு பாத்திரத்தைச் சாக்கில் போட்டார். மோனிஷா இரவெல்லாம் பின்கதவில் முதுகைச் சாய்த்தே உட்கார்ந்திருந்தாள்.

குழுவில் இருந்த ஜின்சி கட்டப்பனையிலிருந்து அனுப்பிய மிரட்டல் ஒலிப்பதிவு ராமலட்சுமியின் போனில் இருந்தது. 'பின்னால் சர்ச் மணி கேட்கிறது' என்று எழுதியிருந்தாள். குழுவில் எல்லோரும் அதையே நம்பினார்கள்.

அப்போது தோளில் பையோடு ரிஜின் வந்தான். மோனிஷாவோடு தொழிற்சாலையில் வேலை செய்பவன், குழுவிலும் இருந்தவன். முந்தின இரவு போனில், "அழாதே மோளே, போலீசெல்லாம் வேண்டாம்" என்று அரைமணி நேரம் ஆறுதல் சொன்னவனும் அவன்தான்.

"நேத்து எங்க இருந்தீங்க?" என்றாள் ராமலட்சுமி.

"அடிமாலியில மேடம், சேச்சி வீட்டுல. வெள்ளிக்கிழமையே போயாச்சு."

"எஸ்டேட் ஆளுங்க யார்கிட்டயாச்சும் பேசுனீங்களா?"

"மோனிஷாகிட்ட மட்டும். இப்பதான் பஸ் இறங்கி நேரா வர்றேன்."

"அவன் திட்டும்போது ஏன் சும்மா இருந்தீங்க?"

"பாதி விளங்கல மேடம். பின்னாடி தண்டவாளத்தப் போட்டு அடிச்சிட்டிருந்தாங்களே..."

ராமலட்சுமி நோட்டை மூடினாள்.

"மோனிஷா, அது என்ன சத்தம்?"

"சர்ச் மணி, அக்கா."

"கேட்டீங்களா ரிஜின்? இந்த வீட்டுக்கே தெரியாது. நான் பொறந்ததுலருந்து இங்க சைரன்தான். தண்டவாளம் அடிச்சது நேத்து அஞ்சு மணிக்குத்தான், மொதத் தடவையா. அடிமாலியில இருந்த ஆளுக்கு அத யாரு சொன்னா?"

ராமலட்சுமி அவன் பையை வாங்கித் திறந்தாள். உள்ளே இரண்டாவது போன் இருந்தது. அதில் 'மலைமகன்' கணக்கு இருந்தது.

"எனக்கு மேல ஒரு பாண்டிச்சி சூப்பர்வைசரா?" என்று ரிஜின் கத்தினான். இப்போது குரலில் எந்தச் செயலியும் இல்லை.

மோனிஷா அவன் முன்னால் வந்து நின்றாள். "போன மாசம் நம்ம வீட்டுல காப்பி குடிச்சீங்களே, அண்ணா. தாழ்ப்பா வாங்கணும்னு நான்தானே சொன்னேன்!"

நண்பகல் 12.15.

ஜீப் புறப்படுமுன் ராமலட்சுமி மோனிஷாவின் கையைப் பிடித்தாள். "இனிமே பயமில்லம்மா."

"அவன் ஒருத்தன்தான்க்கா. குழுவுல மிச்ச பேரெல்லாம் ஏன் வாயே தொறக்கல? ஜின்சிகூட பதிவுதான் பண்ணா. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லலியே."

ராமலட்சுமி ஜீப்பில் ஏறினாள். உள்ளே பெரியமுத்து சாக்கை அவிழ்க்கவில்லை. பின்கதவில் தாழ்ப்பாள் வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் மோனிஷா திடுக்கிட்டாள்.