கண்ணாடிக் கடையில் ஒரு திகைப்புக்கட்டு

அவளை வீட்டிலும் பள்ளியிலும் தெருவிலும் எல்லோரும் திடுக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். காற்றில் கதவு அடித்துக்கொண்டால் திடுக்கிடுவாள். பின்னால் யாராவது தும்மினால் ஒரு முழம் குதிப்பாள். ஒருமுறை தன் நிழலின் மேல் மோதிக்கொண்டதாக நினைத்து அதனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள்.

அந்த ஊர் மந்திரவாதிகளின் ஊர். அங்கே பத்து வயது ஆனதும் பிள்ளைகளுக்கு முதல் தற்காப்பு மந்திரத்தைச் சொல்லிக்கொடுப்பார்கள். அதற்குத் திகைப்புக்கட்டு என்று பெயர். நாய் துரத்தினாலோ திருடன் எதிரே வந்தாலோ மந்திரக்கோலை நீட்டி, மனதுக்குள் 'நில்' என்று சொன்னால் போதும். நீல ஒளி பாயும். எதிரில் இருப்பவர் இருந்தது இருந்தபடி சிலையாகிவிடுவார்.

வகுப்பில் மற்றவர்கள் வியர்த்து வழிந்தும் வராத அந்த மந்திரம், திடுக்குக்கு முதல் முறையிலேயே வந்துவிட்டது. அவளாலேயே நம்ப முடியவில்லை. சட்டென்று பயப்படுகிறவர்களுக்குத்தான் இது சீக்கிரம் வரும் என்று சிரித்தார் டீச்சர். பிறகு எல்லோருக்கும் ஓர் எச்சரிக்கை சொன்னார். கட்டியவர் மட்டும்தான் கட்டை அவிழ்க்க முடியும். அதுவும் நெஞ்சுப் படபடப்பு அடங்கிய பிறகுதான். படபடப்போடு அவிழ்க்கப் பார்த்தால் கட்டு இன்னும் இறுகும்.

கட்டுண்டவருக்கு நேரம் போவதே தெரியாது என்பதையும் அன்று எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். "டீச்சர், எனக்குப் பசிக்" என்று சொல்லும்போது கட்டுண்ட முன்வரிசைப் பையன், அரை மணி நேரம் கழித்துக் கட்டு அவிழ்ந்ததும் "குது" என்று முடித்தான்.

பள்ளி விட்டதும் திடுக்கு ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினாள். அப்பாவிடம் சொல்ல வேண்டும். அப்பாவின் வாய் ஆச்சரியத்தில் பிளக்க வேண்டும்.

அப்பா கண்ணாடி செய்பவர். வீட்டின் முன்பக்கமே கடை, அதன் பின்னால் பட்டறை. மந்திரக்கோலோடு உள்ளே வரக் கூடாது என்பது கண்ணாடிக்காரர் வீடுகளில் கண்டிப்பான வழக்கம். கோலை வாசலில் உள்ள ஜாடியில் போட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே நுழைவார்கள். பெரிய பெரிய மந்திரவாதிகள்கூட அப்படித்தான். நடக்கப் பழகிய நாளிலிருந்து திடுக்கும் அப்படித்தான். இன்றைக்குத்தான், தலைகால் புரியாத சந்தோஷத்தில், மறந்துபோனாள்.

பட்டறையில் வட்டமும் சதுரமும் நீள்வட்டமுமாக முப்பது கண்ணாடிகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அப்பா ஏணியின் மேல் இருந்தார். நாட்டியப் பள்ளிக்காக அவர் செய்த ஆளுயரக் கண்ணாடியைச் சுவரில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது மூலை கொக்கியில் ஏறிவிட்டது. வலது மூலையை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தபடி, அடுத்த படிக்கு வலது காலை எடுத்தார்.

"கண்ணு, கொஞ்சம் பொறு. இதை மாட்டிட்டு" என்று ஆரம்பித்தார் அப்பா.

அந்த நேரம் பார்த்து, வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஐந்து வயதுத் தம்பி "பே" என்று குதித்தான்.

திடுக்குக்கு உயிரே போய்விட்டது. கை தானாக நீண்டது. மனம் தானாக 'நில்' என்றது.

தம்பி குள்ளம் என்பதால் நீல ஒளி அவன் தலைக்கு மேலே போயிற்று. போய் நீள்வட்டக் கண்ணாடியில் பட்டது. அங்கிருந்து சதுரக் கண்ணாடிக்கு. அங்கிருந்து மூலைக்கு. பட்டறை முழுக்க வெட்டி வெட்டிப் பாய்ந்து, கடைசியில் அப்பாவின் முதுகில் போய் அடங்கியது.

அப்பா பேசுவது நின்றது.

முப்பது கண்ணாடிகளிலும் முப்பது அப்பாக்கள், வாய் திறந்தபடி, ஒரு காலைத் தூக்கியபடி நின்றார்கள்.

முதலில் அழத் தொடங்கியது தம்பிதான். திடுக்கு அழவில்லை. அழுவதற்கும் மூச்சு வேண்டுமே, அது வரவில்லை. தம்பியின் அழுகைக்கு நடுவே அவள் காதில் ஒரு சத்தம் விழுந்தது. கிரீச்.

ஏணி நகர்ந்தது.

கண்ணாடி தேய்க்கும் வெள்ளை மாவு தரையெங்கும் சிந்தியிருந்தது. அப்பாவின் பாரம் முழுவதும் ஒரே காலில் நிற்க, ஏணியின் கால்கள் அந்த மாவில் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக்கொண்டிருந்தன.

திடுக்கு பதறிப்போய்க் கோலை நீட்டி 'அவிழ்' என்றாள். அப்பா அசையவில்லை. அதுவரை காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்த அவருடைய சட்டை நுனியும் தகரம் போல விறைத்து நின்றுவிட்டது. கட்டு இறுகிவிட்டது. இன்னொரு முறை முயன்றால் என்ன ஆகுமோ.

அழுகைச் சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடைத் தையல் மாமா கழுத்தில் டேப்போடு ஓடிவந்தார். மேலே பார்த்தார். அவரும் சிலையானது போல ஒரு நொடி நின்றார். அதன்பின் அவர் வாய் ஓயவே இல்லை. என்னம்மா செஞ்சே, எப்படி ஆச்சு, அம்மா எங்கே, கண்ணாடி விழுந்தால் என்ன கதி, அப்பா விழுந்தால் என்ன கதி, உடனே அவிழ்த்துத் தொலை என்று ஒரே மூச்சில் கொட்டினார். அவருடைய ஒவ்வொரு கேள்விக்கும் திடுக்கின் நெஞ்சு இன்னும் வேகமாக அடித்தது.

கிரீச். அப்பாவின் இடது கால் படியின் விளிம்புக்கு வந்திருந்தது.

திடுக்குக்கு அந்தப் பசிக்காரப் பையன் நினைவுக்கு வந்தான். கட்டு அவிழ்ந்ததும் அப்பாவும் விட்ட இடத்திலிருந்துதான் தொடங்குவார். படி இருந்த இடத்தில் காலை வைப்பார். ஆனால் படி அங்கே இருக்காது. அவிழ்ப்பதற்கு முன் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட வேண்டும்.

"மாமா, உங்க சட்டைப் பையில குண்டூசி இருக்கா?" என்று கேட்டாள்.

"குண்டூசியா? இப்பவா? எதுக்கு?"

"நாலஞ்சு எடுத்து வாயில கவ்விக்குங்க."

மாமா ஏன் எதற்கு என்று தெரியாமலே கவ்விக்கொண்டார். ஊசியைக் கவ்வியபடி பேச முடியாது என்பது அதன் பிறகுதான் அவருக்குப் புரிந்தது. புருவத்தை மட்டும் நெரித்தார். பட்டறை அமைதியானது.

திடுக்கு தரையைப் பார்த்தாள். ஏணியின் கால்கள் முதலில் ஊன்றியிருந்த இடத்தில், மாவில் இரண்டு சதுரத் தடங்கள் தெரிந்தன. அவற்றை மாமாவுக்குக் காட்டினாள். மாமா தோளைக் கொடுத்து ஏணியை நூல் நூலாகத் தள்ளினார். கால்கள் தடத்தின் மேல் சரியாக வந்து உட்கார்ந்தன. அப்பாவின் பாதம் மறுபடி படியின் நடுவுக்கு வந்தது. மாமா ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஏணிக்குப் பின்னால் முட்டுக்கொடுக்க, மூலையிலிருந்த மணல் மூட்டைகளைத் திடுக்கு இழுத்து வந்தாள்.

இனி நெஞ்சு அடங்க வேண்டும். அது அடங்குவதாக இல்லை.

மூட்டைக்குப் பின்னாலிருந்து விசும்பல் கேட்டது. தம்பி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் வெள்ளை மாவு, அதில் இரண்டு கண்ணீர்க் கோடுகள்.

"நான் பே சொன்னதாலதானே அப்பா செத்துட்டாரு?" என்றான்.

திடுக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு நேரமும் இவன் இதையா நினைத்துக்கொண்டிருந்தான்? அவள் கோலைக் கீழே வைத்துவிட்டு அவனை மடியில் இழுத்துக்கொண்டாள். அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, நின்றுகொண்டே தூங்குவது மாதிரிதான் என்றாள். நீ விளையாடினாய், கோலை உள்ளே கொண்டுவந்த தப்பு என்னுடையது என்றாள். அவன் நம்பவில்லை. அப்படியென்றால் எத்தனை அப்பா தூங்குகிறார் என்று எண்ணிச் சொல் பார்க்கலாம் என்றாள்.

தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் காட்டி எண்ணினான். பதினொன்றுக்குப் பிறகு பதின்மூன்று வந்தது. திடுக்கு திருத்தினாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினான். இருபதில் ஓர் அப்பாவின் மூக்கு கோணலாகத் தெரிந்தது. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டான். அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்த திடுக்கு, முப்பது வந்தபோது ஒன்றைக் கவனித்தாள். தன் நெஞ்சு அடிப்பது தனக்கே கேட்கவில்லை.

அவள் எழுந்து கோலை எடுத்தாள். பக்கவாட்டில் எந்தக் கண்ணாடியும் குறுக்கே வராத இடமாகப் பார்த்து, அப்பாவுக்கு நேர் பின்னால் போய் நின்றாள்.

அவிழ்.

முதலில் சட்டை நுனி ஆடியது.

"வந்துடறேன்" என்று முடித்தார் அப்பா. வலது கால் படியில் பதிந்தது. கண்ணாடியின் வலது மூலை கொக்கியில் ஏறியது. கைகளைத் தட்டிக்கொண்டு, "இப்போ சொல்லு, பள்ளிக்கூடத்துல என்ன விசேஷம்?" என்றபடி திரும்பியவர் கீழே பார்த்தார்.

வாய் நிறைய ஊசியோடு தையல்காரர் ஏணியைக் கட்டிப் பிடித்திருந்தார். சுற்றிலும் மணல் மூட்டைகள். மகன் பேய் போல வெள்ளையாக இருந்தான். மகள் கையில் மந்திரக்கோல்.

"நான் ஒரு படிதானே ஏறினேன்?" என்றார் அப்பா.

அவர் இறங்கி வந்ததும் திடுக்கு ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மறந்ததை, நீட்டியதை, பதறியதை, கட்டு இறுகியதை. அப்பா திட்டுவார் என்று காத்திருந்தாள். அப்பா ஏணியைப் பார்த்தார். மாவில் இருந்த இழுபட்ட தடத்தைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எழ முயன்றார். முடியவில்லை.

திடுக்கு அவர் பக்கத்தில் வந்து தோளைக் கொடுத்தாள்.

"மெதுவாப்பா," என்றாள். "அவசரமே இல்லை. நான் பிடிச்சுக்கறேன்."