முப்பத்தொன்று புள்ளி நான்கு

"வீல்...!"

முன்வரிசையில் நின்ற மாணவி அலறினாள்.

அதற்குள் பேராசிரியர் பாலகோபால் தரையில் விழுந்துவிட்டார்.

கையிலிருந்த கண்ணாடிப் பிப்பெட் சிமெண்ட் தரையில் சிதறியது. இரண்டு கைகளாலும் கழுத்து டையை இழுத்தார். கால்கள் இரண்டு தடவை உதைத்தன. உதடு எதையோ சொல்ல முயன்றது...

அவ்வளவுதான்!

1962, ஜூலை. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி. பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு மாணவர்களுக்கு முதல் கெமிஸ்ட்ரி பிராக்டிகல். பிப்பெட்டில் வாய் வைத்துக் கரைசலை எப்படி உறிஞ்சுவது என்று பார்க்க வந்த நாற்பது பேரும், ஒரு மனிதன் எப்படிச் சாகிறான் என்று பார்த்துவிட்டார்கள்!

நாலடி தள்ளி நின்றிருந்தாள் ராமாமணி. அந்த லேபில் மாணவர்களுக்குச் செய்முறை காட்டும் டெமான்ஸ்ட்ரேட்டர். முப்பத்து நாலு வயது.

அவள் அலறவில்லை. ஓடவில்லை. தனக்குள் ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தாள்.

ஒன்றும் தோன்றவில்லை.

அட்டெண்டர் யூனுஸ் ஓடிவந்து பேராசிரியரின் மூக்கருகே விரலை வைத்தார்.

"அம்மணி... ஐயாவுக்கு மூச்சே இல்லீங்க!"

"தெரியுது, பாய்."

"டாக்டருக்குச் சொல்லியுடட்டுங்களா?"

"சொல்லுங்க. போலீசுக்கும் சொல்லிப்போடுங்க."

குரல் அவளுடையதுதான். ஆனால், பக்கத்து அறையில் யாரோ பேசுவது போலக் கேட்டது.

அரை மணியில் ஜீப் வந்தது.

இன்ஸ்பெக்டர் நரசிம்மலு குள்ளமாக, தொந்தியும் ஜலதோஷமுமாக இறங்கினார். பிணத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மூலையில் பிரின்ஸிபாலும், மெட்ராஸ் யூனிவர்சிட்டியின் பாடக்குழுவிலிருந்து வந்திருந்த மெம்பரும் வெளிறிப் போய் நின்றிருந்தார்கள்.

பிணத்தின் அருகே குனிந்த டாக்டர் நிமிர்ந்தார்.

"சயனைடு மாதிரி இருக்கு, இன்ஸ்பெக்டர்."

"பாட்டில்ல கரைசல் ரொப்புனது யாரு?"

"நானுங்க..." யூனுஸ் முன்னால் வந்தார். "காத்தால எட்டு மணிக்கு, பெரிய ஜாடியில இருந்து எல்லா பாட்டிலுக்கும் ஒரே கரைசல்தானுங்க ஊத்துனேன். சலவைச் சோடா... அதக் குடிச்சா சாக மாட்டாங்க!"

"ஒரே ஜாடி. ஆனா ஒரு பாட்டில்ல மட்டும் விஷம். நல்லா இருக்கே கதை! ஏட்டு... இவனை ஜீப்புல ஏத்து!"

"ஐயோ, நான் எதுக்குங்க அவரைக் கொல்லோணும்?"

"அத ஸ்டேஷன்ல சொல்லு."

ஏட்டின் கை யூனுஸின் தோளில் விழுந்தது.

"அவரை உடுங்க, சார்."

எல்லோரும் திரும்பினார்கள். ராமாமணி!

"விஷ பீரோவுக்கு ஒரே சாவிதானுங்க. அது யாருகிட்ட இருக்குன்னு பாருங்க."

இன்ஸ்பெக்டர் பிணத்தின் கோட்டுப் பைக்குள் கை விட்டார்.

வெளியே வந்தது... பித்தளைச் சாவி!

"ஏனுங்கம்மணி... இவரே விஷம் வெச்சு இவரே சாப்புட்டாருங்கறீங்களா?"

"அவருக்கு வெக்கலீங்க. பி.யு.சி.க்கு அவர் ஒருநாளும் பாடம் எடுத்ததில்ல. 'அரிச்சுவடி சொல்லிக் குடுக்கறது பொம்பளைங்க வேலை'ம்பாருங்க. இன்னைக்கு இந்த மேஜையில உறிஞ்சிக் காட்டியிருக்க வேண்டியது நான்."

"அப்ப அந்த விஷம்...?"

"எனக்குங்க."

பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள்.

பிரின்ஸிபால் நெற்றியைத் துடைத்தார். "என்னம்மா சொல்றீங்க! அவர் எதுக்கு உங்களைக் கொல்லப் பாக்கறாரு?"

"புத்தகத்துக்காகங்க."

பி.யு.சி. ரசாயனப் பாடப்புத்தகம். அட்டையில் பாலகோபாலின் பெயர். மூன்று ஜில்லாக்களில் அதுதான் பாடம்.

"அத எழுதுனது நான். ரெண்டு வருஷம்! தொண்டாமுத்தூர்லயும் ஆனைமலைலயும் இருந்து வர்ற பசங்களுக்கு லாகரிதம்னா என்னன்னே தெரியாதுங்க. கணக்கு வராம கெமிஸ்ட்ரி எப்படி வரும்? அதனால, மொத மூணு பாடத்தையும் வெறும் கணக்காவே எழுதுனேன். திருத்தித் தர்றேன்னு வாங்கிட்டுப் போனாரு. புத்தகமா வந்தப்ப என் பேரு இல்ல. போன மாசம், எங்கிட்ட இருந்த மூலக் கைப்பிரதிய மெட்ராஸ் யூனிவர்சிட்டிக்கு அனுப்பிச்சுப்போட்டேன்."

மெம்பர் தொண்டையைச் செருமினார். "உண்மைதான், இன்ஸ்பெக்டர். விசாரிக்கத்தான் வந்தேன். வர்ற தேதியைப் பாலகோபாலுக்கு எழுதியிருந்தேன். வகுப்பைப் பார்க்கலாம்னு உள்ளே வந்தோம். 'புத்தகம் எழுதினவரே செய்து காட்டட்டுமே'ன்னு நான்தான் சொன்னேன்."

"செரி... விஷம் எந்த பாட்டில்ல இருக்குன்னு அவருக்குத் தெரியுமல்ல? தெரிஞ்சே உறிஞ்சறதுக்கு அவரென்ன கிறுக்கரா?"

"மேஜை மேல இருந்த பாட்டிலை அவர் தொடலையே!" என்றார் பிரின்ஸிபால். "தூசியா இருக்குன்னு தள்ளி வெச்சுட்டு, பின்னால ஷெல்ஃபுல இருந்து வேற பாட்டிலை அவர் கையாலயே எடுத்தாரு. நானே பார்த்தேன்."

இன்ஸ்பெக்டர் இரண்டு பாட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தன.

"எதுல விஷம்னு கண்டுபுடிக்க முடியுங்களா?"

"பத்து நிமிஷம் குடுங்க."

இரண்டு டெஸ்ட் டியூப்களில் சில சொட்டுகள். ஜன்னல்களைத் திறந்தாள். பச்சை உப்பு சேர்த்துச் சூடாக்கினாள். பிறகு ஆசிட். கை நடுங்கவேயில்லை.

மேஜைப் பாட்டிலின் சொட்டுகள் நிறமில்லாமல் தெளிந்தன.

ஷெல்ஃப் பாட்டிலின் சொட்டுகள்...

அடர் நீலம்!

"யா அல்லாஹ்..." என்றார் யூனுஸ்.

"இதுதானுங்க சயனைடு," என்றாள் ராமாமணி.

இன்ஸ்பெக்டர் தும்மினார். மூக்கைத் துடைத்தார்.

"ஏட்டு, பாயை உடு. எல்லாரும் வெளிய போங்க. அம்மணி மட்டும் இருக்கட்டும்."

கதவு சாத்தப்பட்டது. வெளியே ஆடிக்காற்று ஜன்னல் கம்பிகளில் ஊளையிட்டது.

இன்ஸ்பெக்டர் மேஜை மேல் கிடந்த நோட்டு ஒன்றைப் புரட்டினார்.

"இது உங்க கையெழுத்துங்களா?"

"ஆமாங்க."

"இன்னைக்குத் தேதி. மணி ஒம்போது நாப்பது. 'முப்பத்தொன்று புள்ளி நான்கு சி.சி.' அடியில ரெண்டு கோடு வேற போட்டிருக்கீங்க. என்னங்க இது?"

"வகுப்புக்கு முந்தி நான் ஒருக்கா செஞ்சு பாப்பேனுங்க. இருபது சி.சி. ஆசிட் உட்டதும் நிறம் மாறோணும். மாறல. முப்பத்தொண்ணு புள்ளி நாலு வரைக்கும் இழுத்துச்சு. அப்பறம்... கசப்பு வாதாம் வாசம் வந்துச்சுங்க, சயனைடு வாசம்."

"பிப்பெட்டுல வாய் வெச்சிருப்பீங்களே! எப்படித் தப்பிச்சீங்க?"

"எனக்குப் பல் வலிங்க. அளவு ஜாடியில ஊத்தி அளந்தேன்."

இன்ஸ்பெக்டர் ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார்.

"ஆக, வகுப்புக்கு முந்தியே உங்களுக்குத் தெரியும்!"

"தெரியுமுங்க. அந்த பாட்டில ஷெல்ஃபுல எடுத்து வெச்சுட்டு, நல்ல பாட்டில மேஜையில வெச்சேன். பிரின்ஸிபால் கிட்டச் சொல்லலாம்னு கெளம்புனா, அவரும் மெம்பரும் பேராசிரியரும் மூணு பேருமாச் சேந்து உள்ள வந்துட்டாங்க. பெல்லும் அடிச்சிருச்சு."

"லேபிள் ஒட்டலீங்களா?"

"ஒட்டலீங்க."

"மேஜையில இருக்கறதுதான் விஷம்னு நெனச்சு அவர் கை அந்த ஷெல்ஃபுக்குப் போச்சே... பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க."

"எடுத்ததுல இருந்து வாயில வெக்கற வரைக்கும் எவ்வளவு நேரம்?"

"பத்து செகண்டு. எண்ணுனேனுங்க."

எழுதிக்கொண்டிருந்த பென்சில் நின்றது.

"ஒரு சத்தம் போட்டிருக்கலாமல்லங்க?"

"போட்டிருக்கலாமுங்க."

"ஏன் போடலீங்க?"

ராமாமணி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். உள்ளே கோபம் இருக்கிறதா என்று தேடினாள். பயம்? சந்தோஷம்? எந்தப் பெட்டியைத் திறந்தாலும் காலி!

"வாயத் தொறந்தேன். சத்தம் வர்ல. வர்லியா... நான் வர உடலியா... எனக்கே தெரியலீங்க."

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டார்.

"இதை நான் எடுத்துட்டுப் போகோணுமுங்க. கோர்ட்டுல வக்கீல் இதே கேள்வியக் கேப்பாரு. இதே பதிலைச் சொல்லுங்க... ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம், கொறைக்க வேண்டாம். அதுக்கு மேல ஜட்ஜு பாடு."

"செரிங்க."

"அந்த மெம்பர் வெளிய சொல்லீட்டிருந்தாரு. அடுத்த பதிப்புல உங்க பேரு வருமாமுங்க."

"செரிங்க," என்றாள் மறுபடியும்.

குனிந்து, தரையில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கப் போனாள். முதல் துண்டைத் தொட்டதும்தான்... விரல்கள் உதறத் தொடங்கின. கை... தோள்... உடம்பு முழுக்க! மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"உடுங்கம்மணி. ஏட்டு கூட்டிக்குவான்."

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு கதவு வரை போனார். அங்கே நின்று தலையைச் சொறிந்தார்.

"எம் பொண்ணுக்கு இங்கதான் சயன்ஸ் குரூப்புல சீட்டுக் கேட்டு எழுதிப் போட்டிருக்கேனுங்க. இப்பவே ஆபீசுல சொல்லி ஹிஸ்டரிக்கு மாத்திப்போடறேன்... அங்க சாகறவங்க எல்லாரும் ஏற்கெனவே செத்தவங்க!"