ஐந்துக்குக் கீழே

காலை பத்தரை மணிக்கு, ஒன்பதாம் மாடி வீட்டில், கனகமணி ஒரு ஆளைக் கொன்றாள். அவள் மணிக்கட்டுப் பட்டையில் எண் பதினொன்றிலிருந்து முப்பத்து நான்குக்குத் தாவியது.

கொன்றது காகிதத்தில்தான். பதினெட்டு அத்தியாயங்களாகத் தப்பித்துக்கொண்டே வந்த பஞ்சு வியாபாரியை இன்றைக்குத்தான் தீர்த்துக்கட்ட முடிந்தது. அந்தச் சந்தோஷத்தில் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். நேரம் தவறிக் காப்பி குடித்தாள். பட்டை அத்தனையையும் குறித்துக்கொண்டது.

மந்தக்காய்ச்சல் தொற்றியவருக்கு முதல் நாற்பது நாள் சளியோ சூடோ இருக்காது. ரத்தத்திலும் தெரியாது. பழக்கத்தில் மட்டும் சின்னச் சின்ன மாற்றம் வரும். தூங்கும் நேரம் நகரும், நடை மாறும், காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கும். அதைக் கண்டுபிடிக்க வந்ததுதான் வழமைமானி. ஒருவருடைய நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டு, வேறுபாட்டை ஓர் எண்ணாகப் பட்டையில் காட்டும். நாற்பது நாள் தொடர்ந்து ஐந்துக்குக் கீழே இருந்தால் வாசற்கதவு திறக்கும். ஒரு நாள் தாண்டினாலும் மறுபடி முதலிலிருந்து.

கோவையில் பாதிப் பேர் வேலைக்குப் போய்வரத் தொடங்கிவிட்டார்கள். கனகமணியின் கதவு பதினான்கு மாதமாகத் திறக்கவில்லை. கதை வந்தால் எழுதுவாள், வராவிட்டால் சமைப்பாள். முப்பது வருடமாக அப்படித்தான்.

கதவுகள் மூடிய அன்று அவள் கணவர் நஞ்சப்பன் பொள்ளாச்சியில் தம்பி வீட்டில் இருந்தார். அங்கேயே மாட்டிக்கொண்டார். இப்போது அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. வாசலைத் தாண்டச் சொன்னாலே மிரண்டுபோகிறாராம்.

மதியம் தம்பி மனைவி சாந்தாமணி அழைத்தாள். "அக்கா, மாமா இன்னைக்கு என்னையவே யாருன்னு கேட்டுட்டாருங்க்கா."

"என்னைக் கேக்கறாரா?"

"கேக்கறாருங்க்கா. ஆனா முந்தி தெனமும் கனகு எங்கன்னு கேப்பாரு. இப்ப வாரத்துக்கு ஒருக்காத்தான்."

கனகமணி உடனே வழமை அலுவலகத்துக்குப் பேசினாள். எடுத்தது தாமரைச்செல்வி என்ற இளம்பெண். குரலில் இரக்கம் இருந்தது.

"எழுதக் கூடாதுன்னு யாரும் சொல்லலீங்க மேடம். எழுதிட்டு நீங்க பதட்டப்படக் கூடாது."

"பதட்டப்படாம எப்படிம்மா கொலை எழுதறது?"

"அப்ப வேற ஏதாச்சும் எழுதுங்க. தினமும் ஒரே நேரம், ஒரே மாதிரி."

அன்று மாலை பதினெட்டு அத்தியாயங்களையும் பீரோவில் வைத்துப் பூட்டினாள். மனம் மாறிவிடுமோ என்ற பயத்தில் சாவியை ஜன்னல் வழியே கீழே எறிந்தாள்.

மறுநாளிலிருந்து தினமும் ஆறு மணிக்கு எழுந்தாள். ஒன்பதிலிருந்து பத்துவரை ஒரு பக்கம் எழுதினாள்: இன்று வெயில், இன்று ரசம், இன்று துணி காய்ந்தது. முதல் வாரம் ஏமாற்றிப் பார்த்தாள். உடம்பை அசைக்காமல் உட்கார்ந்து மனதுக்குள் கதையை ஓட்டினாள். எண் பதினான்கைத் தொட்டது; நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. நெஞ்சின் துடிப்பு அதற்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு கதை எட்டிப்பார்க்கும்போதெல்லாம் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொன்னாள். மூன்றாவது வாரம் வாய்ப்பாடு அதிகம் தேவைப்படவில்லை. ஐந்தாவது வாரம் தேவைப்படவே இல்லை.

முப்பத்தோராம் நாள் எதிர் அடுக்ககத்திலிருந்து காய்ச்சல் உறுதியான ஒரு பெண்ணைச் சுகாதார ஊழியர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கனகமணி கொஞ்ச நேரம் பார்த்தாள். ரசம் வைக்கும் நேரம் ஆகியிருந்தது. திரையை இழுத்துவிட்டாள். பட்டையில் இரண்டு. அவளுக்குப் பெருமையாக இருந்தது.

நாற்பத்தோராம் நாள் காலை கதவு தானாகத் திறந்தது.

ஓட்டுநர் இல்லாத வண்டி அவளைப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோனது. அனுமதி பெற்ற பயணத்தை வழமைமானி மாற்றமாகக் கொள்ளாது; மனம் படும் பாட்டை மட்டும் பார்க்கும். வழிநெடுக எண் அசையவில்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டாள்.

நஞ்சப்பன் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். அவர் பட்டையில் எண் பூஜ்யம். ஒரே நாற்காலி, ஒரே சுவர், ஒரே கேள்வி. அவரைப் போல் வழமையோடு இருந்தவர் அந்தத் தெருவிலேயே இல்லை.

"ஏனுங்க, நான் வந்துட்டேனுங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாருங்க?"

பூஜ்யம் அப்படியே நின்றது. கனகமணி அந்த எண்ணையே பார்த்தாள். இத்தனை நாள் இறங்க வேண்டும் என்று கும்பிட்டவள், இப்போது ஏற வேண்டும் என்று காத்திருந்தாள். குனிந்து அவர் முகத்துக்கு நேரே முகத்தை வைத்தாள்.

மூன்று. ஒன்பது. இருபத்தாறு.

"கனகு" என்றார். உதடு கோணியது. "எங்க போயிட்ட நீ?" இரண்டு கைகளாலும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் தேம்பினார். எழுபத்தெட்டு. பட்டை சிவப்பாக மின்னியது. பின்னால் நின்ற சாந்தாமணியும் அழுதுவிட்டாள். அவளுடைய எண் பதின்மூன்று. சமையலறையிலிருந்து ஓடிவந்த கொழுந்தன் தங்கவேலுவுக்கு எட்டு.

வாசற்கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

"ஐயோ, எங்களுக்கும் சேத்து நாப்பது நாளா?" என்றாள் சாந்தாமணி. "நாளைக்கு இவரு மில்லுக்குப் போவோணுமே!"

கதவின் ஒலிபெருக்கி பேசியது. "இந்த வீட்டில் மூவருக்குத் தடை. கனகமணி எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம்."

எல்லோரும் அவள் மணிக்கட்டைப் பார்த்தார்கள். இரண்டு.

நஞ்சப்பன் அழுகையை நிறுத்திவிட்டு அவளை ஏறிட்டார். நினைவு இப்போது தெளிவாகத்தான் இருந்தது.

"ஏன் கனகு, என்னையப் பாத்து உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணுதுங்க" என்றாள்.

சொன்ன பிறகு உள்ளே தேடிப் பார்த்தாள். அவருக்காகத்தான் வந்தாள், அது தெரிந்தது. அவர் இளைத்திருப்பது தெரிந்தது. அழ முயன்றாள். முகம் சுருங்கியதே தவிர, கண் வறண்டே இருந்தது. திறந்துவிடத் தயாராக நின்ற கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் காலடியில் உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எண் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.