டிரைவர் கழற்றப்பட்ட பிறகு

பாதி வாக்கியத்தில் நின்றுபோவதற்கு முன், கணினியின் குரல் மூச்சை உள்ளிழுத்தது. இயந்திரக் குரல் மூச்சு வாங்காது என்பதைக் கோகிலவாணி அறிவாள். பிறவியிலேயே பார்வையற்ற அவளுக்குத் திரையின் ஒவ்வொரு சொல்லையும் பதினோர் ஆண்டுகளாகப் படித்துக் காட்டுவது அதுதான். ஆயினும் அதைப் பற்றி யோசிக்க அவகாசமில்லை. மணி மூன்று. நான்கு மணிக்கு நூலக உதவியாளர் பணிக்கான இணையத் தேர்வு. அவளது வயது வரம்பு இந்த ஆண்டோடு முடிகிறது.

வெந்த மஞ்சளின் நெடி நாமகிரிப்பேட்டைத் தெருவெங்கும் கனத்துக் கிடக்க, மூடிய சன்னலுக்கு அப்பால் முட்டை ஏற்றிய லாரிகள் ஒவ்வொன்றாய் உறுமிச் செல்ல, அவள் அந்த ஊமைக் கணினியின் முன் அமர்ந்து, என்ன தட்டுகிறோம் என்று சரிபார்க்க வழியேயின்றி, கடவுச்சொல்லையும் குரலை மீண்டும் எழுப்பும் கட்டளையையும் நினைவிலிருந்து மூன்றாம் முறையாகத் தட்டினாள். ஒலிபெருக்கியின் வலைமீது விரல் வைத்தாள். ஒலி வந்தால் அது மெல்ல அதிரும். அதிரவில்லை.

வேறு வழியின்றிக் கந்தவேலை அலைபேசியில் அழைத்தாள். அவளது லினக்ஸ் கணினியைச் சேலத்திலிருந்தபடியே இணையம் வழியாகப் பழுதுபார்ப்பவன் அவன்.

“மியூட்ல இருக்குதானு பாத்தீங்களாக்கா?”

“மூணு தடவ பாத்தாச்சு சாமி. நாலாவது தடவ கேட்டா, பஸ் ஏறி வந்து மண்டையில கொட்டுவேன்.”

அவன் சிரித்தான். “நேத்து அப்டேட் போட்டீங்கல்ல? அதுக்கும், சவுண்ட் கார்டை இயக்கற டிரைவர் சாஃப்ட்வேருக்கும் ஒத்துப்போகலீங்க. இதைக் கழட்டிட்டுப் பழசைப் போடறேன். அஞ்சே நிமிசம்.”

ஐந்து நிமிடம் அரைமணியாயிற்று. பழையது ஏறவில்லை. வேறொன்றைத் தேடி எடுத்தான். அதுவும் பிழை காட்டியது. நேரம் போவதால், தேர்வுப் பக்கத்தைத் திறந்து கேமராவை மட்டும் அவனே இயக்கிவைத்தான். கோகிலவாணி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

மூன்றே முக்காலுக்குக் குரல் வந்தது.

“தேர்வுக்கு நல்வரவு. உங்கள் முகத்தைக் கேமராவுக்கு நேராக வைக்கவும்.”

“அப்பாடா! வந்துருச்சு கந்தவேலு!”

“என்னதுங்க?”

“சத்தந்தான். படிக்குதே, கேக்கலியா?”

“கேக்குதுங்க.” அலைபேசியில் அவன் விசைகளைத் தட்டும் ஓசை. “ஆனா நான் இன்னும் எதையும் போடலீங்களே. டிரைவர் கழட்டினபடியேதான் இருக்குது. சவுண்ட் கார்டே இல்லைன்னு காட்டுதுங்க.”

அவள் ஒலிபெருக்கியின் வலைமீது மீண்டும் விரல் வைத்தாள்.

அதிர்வு இல்லை.

குரலோ பேசிக்கொண்டேயிருந்தது. அதே நிதானம். அதே உச்சரிப்பு. ஆனால் மேசையிலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து. அவள் தலைக்குச் சற்று மேலிருந்து.

அம்மா ராசிபுரம் போயிருக்கிறார். கதவை உள்ளே தாழிட்டவள் அவளேதான்.

“அக்கா…” கந்தவேலின் பேச்சு தேய்ந்தது. “கேமராவுல, உங்க பொறத்தால நிக்கறது யாருங்க?”

“யாரும் இல்லை,” என்றது குரல். “தொடர, எண்டர் விசையை அழுத்தவும்.”

விசைப்பலகைமீது கிடந்த அவள் விரல்களின்மேல் வேறு விரல்கள் வந்து படிந்தன. நீளமானவை. நகங்களற்றவை. அவை பொறுமையாக அழுத்தின.

விசை இறங்கியது.

“முதல் வினா.”