படாக் பலகை போட்ட பெட்டி

பலகை வியர்த்திருந்தது.

சிவஞானம் துண்டால் துடைத்தார். பட்டறையில் மேஜை நாற்காலி வரைந்து பார்க்கும் கம்ப்யூட்டருக்கு அவரே செய்த பெட்டி அது. இரண்டு பக்கமும் சிவந்த படாக் மரப் பலகைகளை இழைத்து, மெழுகேற்றி, நாலு நாளுக்கு முன்புதான் பதித்திருந்தார். உள்ளே ஃபேன் ஓடி, பலகையின் மேல் சூடான காற்று வந்துகொண்டே இருந்தது. அந்தச் சூட்டில் மரம் காயுமே தவிர கசியாது. முப்பது வருடத் தச்சருக்கு இது தெரியாதா? மழைக்கால ஈரம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விரலை நாக்கில் வைத்தார்.

உப்பு.

அந்தமானில் புதுப் படாக் ஒரு சாண் வாங்கவும் பர்மிட் வேண்டும். இது மீனவன் ராக்கப்பனின் டுங்கிப் படகிலிருந்து எடுத்தது. ஆளை விழுங்கிய டுங்கியைக் கரையிலேயே எரித்துவிடுவது மீனவர்கள் வழக்கம். தானே எரித்துவிடுவதாக அவன் மனைவி ஒச்சம்மாவிடம் சொல்லி வாங்கி வந்திருந்தார். ஆனால் அறுபது வருடப் படாக்கை நெருப்பில் போட எந்தத் தச்சனுக்கு மனம் வரும்? விரிசல் துண்டை மட்டும் அறுத்து அடுப்பில் வைத்தார்.

அந்த விரிசலுக்காகத்தான் ராக்கப்பன் டுங்கியை அவரிடம் விட்டுப் போயிருந்தான். அங்கே மாற்றிப் போட வைத்திருந்த பலகை ஒரு ரிசார்ட்டுக்குச் செய்த மேஜைக்குப் போய்விட்டது. சிவஞானம் விரிசலில் மரத்தூளும் பசையும் அடைத்துப் பெயிண்ட் பூசினார். "பக்கா ஆயிடுச்சு, கவலையே வேணாம், பேஃபிக்கர் போ" என்று முதுகில் தட்டியும் அனுப்பினார். மூன்றாம் நாள் டுங்கி மட்டும் கரை ஒதுங்கியது. விஷயம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வெளியே தெரிந்தால் அபர்டீன் பஜாரில் அவர் தலைகாட்ட முடியாது.

மணி ஐந்துகூட ஆகவில்லை, வெளியே இருட்டிவிட்டது. ஃபேன் சத்தம் மாறியது. தகர டப்பாவால் யாரோ தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே கொட்டுவது போல, பெட்டிக்குள்ளிருந்து, முதலில் நிதானமாக, பிறகு அவசரமாக, கூடவே ஓர் ஆளின் இளைப்போடு கேட்டது. மீன்கவிச்சி அடித்தது. ஸ்விட்சை அணைத்தார். சத்தம் நிற்கவில்லை. வயரைப் பிடுங்கினார். நிற்கவில்லை. நல்ல பலகையின் நடுவே மெல்லிய கோடு ஒன்று ஓடியது. அதே விரிசல். அதே நீளம்.

சத்தம் நின்றது.

வாசலில் ஒச்சம்மா. குடை இல்லை. அவள் பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"அண்ணே, டுங்கிய எரிச்சிட்டீங்கல்ல?"

எரித்தாயிற்று என்று சொல்ல வாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. தொண்டையை அறுக்கும் உப்புத் தண்ணீர். உண்மையையாவது சொல்லிவிட வேண்டும், காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும் என்று தவித்தார். அதற்கும் தண்ணீர்தான் வந்தது. மூக்கிலும் வந்தது. மூச்சு இல்லை.

ஒச்சம்மா கதவை உள்பக்கம் தாழிட்டாள். ஸ்டூலை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அவரும் இப்படித்தானே தவிச்சிருப்பாரு. மெதுவாச் சொல்லுங்கண்ணே. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவர் வாயிலிருந்து சின்ன மீன் ஒன்று தரையில் விழுந்து துள்ளியது. அவள் காலை நகர்த்திக்கொள்ளவில்லை.